சம்பந்தியின் இடது இறக்கை

பல்லுக்காரருக்கு வாய்த்த சம்பந்தி தங்கமான மனிதர். பிரச்சினையே அதுதான்.

பல்லுக்காரர் என்றதும் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாகப் பல் செட் கட்டித் தருகிறவர் இவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அடுத்தவர் வாய்கள்தான் மேசை முழுக்க. அத்தனை வாய் இருந்தும் ஒன்றாவது ஒரு வார்த்தை பேசுமா? பேசாது.

பேச ஆளில்லாமல் போனது அவருக்கு உள்ளூரப் பெரிய குறை. கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஊரில் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். மனைவிக்கு அக்கா தங்கைகள் இருக்கிறார்கள், போனை எடுத்தால் பொழுது போவதே தெரியாது. இவருக்கு யார்? அறுபதை நெருங்குகிற மனிதனுக்குப் புதிதாக ஒரு சிநேகிதன் எங்கே கிடைப்பான்? அதனால்தான் மகளுக்கு வரன் பார்க்கப் போனபோது வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், இவர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்.

பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கார் ஓட்டச் சொல்லித்தருகிற பள்ளி வைத்திருந்தார். தாட்டியான உடம்பு, உடம்புக்கு ஏற்ற குரல். இந்த மனுஷனோடு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது என்று பல்லுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

எங்கே போயிற்று! கல்யாணம் முடிந்தது, போக்குவரத்து தொடங்கியது, சம்பந்தி வாயைத் திறந்தால் தேன்தான் ஒழுகியது. "சம்பந்தி, சௌக்கியமா?" "உங்க புண்ணியத்துல சௌக்கியம், சம்பந்தி." "மழை வரும் போலிருக்கே, சம்பந்தி." "நீங்க சொன்னா வந்துடும், சம்பந்தி." இதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு சோபாவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் ஏதோ வேலையாக சம்பந்தியின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனார் பல்லுக்காரர். முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்கிற ஆள், இவர் வயசு இருக்கும். அவரை சம்பந்தி காய்ச்சிய காய்ச்சல் இருக்கிறதே! "யோவ், அது ஸ்டியரிங்கா, தயிர் கடையுற மத்தா? கிளட்ச்சை மிதிய்யா! என் உயிரை வாங்கணும்னே வந்து சேர்ந்தியா?" சொல்லிவிட்டுச் சட்டென்று பின்பக்கம் திரும்பி, "சம்பந்தி, ஏசி போதுமா? ஜன்னல் பக்கம் வெயில் படுதா?" என்று குழைந்தார். வண்டியை நிறுத்தியதும் திட்டு வாங்கிய ஆளும் சம்பந்தியும் தோளில் கை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் டீ குடித்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்கு மட்டும் தனியாகத் தட்டில் வைத்து, டிஷ்யூ பேப்பரோடு டீ வந்தது. பல்லுக்காரர் அந்த டீயைக் குடிக்கும்போது அடைந்த ஏக்கத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி சிரித்தாள்.

"அவர் உங்களைத் திட்டலைன்னா வருத்தப்படுறீங்க? உலகத்துல இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை."

"திட்டணும்னு இல்லடி. மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லணும். நானும் சொல்லணும்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பொண்ணைக் கொடுத்த இடம். வாயை மூடிக்கிட்டு இருங்க."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெட்டி வந்தது.

பல்லுக்காரர் பட்டறை அலமாரியில், பல் அச்சுகளுக்கு மேல் தட்டில், சின்னச் சின்ன விமான மாதிரிகள் நிற்கும். ஓய்வு நேரத்தில் ஒட்டியவை. வாலிப வயதில் சம்பந்திக்கும் அந்தக் கிறுக்கு இருந்ததாம்; ஒருமுறை அலமாரி முன்னால் நின்று அரைமணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தார். இதை மகள் கவனித்துவிட்டாள். கல்யாண நாளுக்கு மற்றவர்கள்தான் பரிசு கொடுப்பார்கள். இவளும் மாப்பிள்ளையும் தங்கள் கல்யாண நாளன்று அப்பாக்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பரிசு வாங்கி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு பறக்கும் படகின் மாதிரி; ரெசின் என்கிற கெட்டிப் பிசினில் வார்த்த துண்டுகள், ஒட்டிக்கொள்ள வேண்டியது நாம். கீழே படகு, மேலே இறக்கை, இறக்கைக்கு இரண்டாக நாலு என்ஜின். கடலில் இறங்கும், கடலிலிருந்தே கிளம்பும். ஒட்டி முடித்தால் ஒரு முழ நீளத்துக்கு இறக்கை விரியும்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க," என்றாள் மகள்.

சேர்ந்து பண்ணுவதாவது! பெட்டி யார் வீட்டில் இருப்பது என்பதிலேயே மாட்டிக்கொண்டார்கள். "நீங்க வச்சுக்குங்க, சம்பந்தி." "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?" பெட்டி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடையாய் நடந்தது. கடைசியில் சம்பந்தியம்மா, "ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்களேன்," என்று பிரித்துக் கொடுத்தார். படகு உடம்பும் வலது இறக்கையும் பல்லுக்காரருக்கு. இடது இறக்கையும் வாலும் சம்பந்திக்கு. வழிகாட்டிப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து ஆளுக்கொன்று.

பல்லுக்காரருக்கு ரெசின் புதிதில்லை, அந்த வாசனையில்தான் அவர் பிழைப்பே நடக்கிறது. துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்தார். வார்ப்பில் ஒட்டிக்கொண்டிருந்த வேண்டாத கட்டையை மெல்லிய ரம்பத்தால் அறுத்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து இழைத்தார், அந்தத் தூள் மூச்சில் போனால் நல்லதில்லை. படகின் அடிவயிறு விரலுக்கடியில் வழுவழுவென்று ஆகிக்கொண்டு வர, அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு டாக்டர் போன் செய்து, "என்னோட கீழ்த்தாடை என்னாச்சு?" என்று கேட்டபோது, "கப்பல் கிளம்பட்டும் சார், அனுப்பிடுறேன்," என்றார் மனுஷர்.

இறக்கையில்தான் சிக்கல். பெட்டிக்குள் எத்தனை நாள் நெருக்கிக் கிடந்ததோ, வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. ரெசினுக்கு இது சகஜம். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். எடுத்து வேண்டிய வாக்கில் பிடித்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். பல்லுக்காரர் படத்தைப் பார்த்தார். உடம்பிலிருந்து நுனி வரைக்கும் இறக்கை லேசாக மேல்நோக்கி ஏறியிருந்தது. அதே ஏற்றத்தில் நிறுத்தினார்.

"பால் காய்ச்சுற பாத்திரத்துல ஏரோப்ளேனை வேக வைக்கிறீங்களே, இதுக்கு அப்புறம் அதுல யாரு பால் காய்ச்சுறது?" என்றாள் மனைவி.

"இது ஏரோப்ளேன் இல்லடி, படகு."

"அப்ப சரி, ரொம்பச் சுத்தம்!"

ஞாயிற்றுக்கிழமை வலது இறக்கையை ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். சம்பந்தியும் தம்முடையதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்த்ததும் பல்லுக்காரருக்குத் திக்கென்றது. இடது இறக்கை தட்டை. துளி ஏற்றம் கிடையாது. வேலை என்னவோ சுத்தமான வேலை. என்ஜின் மூடிகளைக் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார். ஆனால் தட்டை.

"எப்படி சம்பந்தி?" என்றார் அவர்.

சொல்லியிருக்கலாம். 'சம்பந்தி, படத்துல நுனி கொஞ்சம் மேல ஏறுதே' என்று ஒரு வரி. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. பெண்ணைக் கொடுத்த இடம் என்பது அதைப் பிடித்துக் கீழே தள்ளியது.

"அருமை, சம்பந்தி! நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் பல்லுக்காரர்.

சம்பந்தி வலது இறக்கையை எடுத்து, கண்ணுக்கு நேராக வைத்து, ஒரு நிமிஷம் பார்த்தார். "பிரமாதம், சம்பந்தி. உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடணும்," என்றார். அத்தோடு மழை வருமா வராதா என்கிற பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பல்லுக்காரர் மறுபடி பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். தப்பாக இருந்தாலும் ஜோடி ஒன்றுபோல் இருக்க வேண்டும், சம்பந்தி முகம் வாடக் கூடாது. நன்றாக இருந்த இறக்கையை, தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டையாக்கினார்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி இங்கே வந்தார். டப்பாவைத் திறந்தார். இடது இறக்கை அழகாக மேல்நோக்கி ஏறியிருந்தது! பல்லுக்காரர் எடுத்து வைத்ததோ தட்டை. இருவரும் மேசையைப் பார்த்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அருமை," என்றார் சம்பந்தி.

"பிரமாதம்," என்றார் பல்லுக்காரர்.

இப்போதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மரியாதை என்கிற வியாதி பிடித்தவர்களுக்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. பல்லுக்காரர் தம் வயிற்றில் தாமே பாலை வார்த்துக்கொண்டார்: அப்பாடா, சம்பந்தியே படத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டுவிட்டார், இனி நம்முடையதைத் திரும்பத் தூக்கிவிட்டால் தீர்ந்தது, யார் மனசும் புண்படாது. அந்த வாரமே மூன்றாம் தடவையாக இறக்கையை வெந்நீரில் இறக்கினார். பின்விளிம்பு மெலிந்து லேசாக நெளிய ஆரம்பித்திருந்தது. இதற்கு மேல் தாங்காது என்று அவர் கைக்குத் தெரிந்தது.

மூன்றாம் ஞாயிறு ஒட்டுகிற நாள். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். பெண்கள் சமையலறையில். பட்டறை மேசையில் பல் அச்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் படகு உடம்பை மரத் தாங்கியில் நிறுத்தியிருந்தார் பல்லுக்காரர். வலது இறக்கை அதன் பக்கத்தில் தயாராக, படத்தில் இருக்கிற ஏற்றத்தில்.

சம்பந்தி டப்பாவைத் திறந்தார். தட்டை.

பல்லுக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சம்பந்தியின் கழுத்து நரம்பு லேசாகப் புடைத்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கவலையெல்லாம் ஒன்றுதான். இத்தனை நாளில் அந்த மனிதரோடு சேர்ந்து அவர் செய்த ஒரே காரியம் இது. இது கோணலாகப் போய் நின்றால், அப்புறம் ஆயுசுக்கும் சோபாவும் மழையும்தான். வாயைத் திறந்து சொன்னால் சம்பந்தி வருத்தப்பட்டு வால் துண்டோடு வீட்டுக்குப் போய்விடலாம், சொல்லாவிட்டால் படகு நொண்டி. ரொம்ப யோசித்து, மென்று முழுங்கி, கடைசியில் உலகத்திலேயே மட்டமான ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார்.

"இப்படியே ஒட்டிடலாம், சம்பந்தி. காத்துல திரும்பும்போது ஒரு இறக்கை அப்படித்தானே இருக்கும்!"

சொல்லிக்கொண்டே சூப்பர் க்ளூவை வலது இறக்கையின் முளையில் தடவி, உடம்பின் துளையில் செருகி, விரலால் அழுத்தினார்.

"யோவ்!"

அலமாரியில் இருந்த பல் செட்டுகள் கடகடவென்று ஆடின.

"யோவ், கையை எடுய்யா! கண்ணு என்ன பின்னாலயா இருக்கு? ஒண்ணு வானத்தைப் பார்க்குது, ஒண்ணு தரையைப் பார்க்குது, காத்துல திரும்புதாம், காத்துல! எவனாவது சின்னப் பையன்கிட்ட போய்ச் சொல்லு! நீ தூக்குனா நான் தூக்கணும், நீ இறக்குனா நான் இறக்கணும், மூணு வாரமா உனக்காக வெந்நீர் வெச்சு வெச்சு எங்க வீட்டு கேஸே தீர்ந்துபோச்சுய்யா! வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்ல மாட்டியா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மனைவி வாசற்படியில் வந்து வாயில் கை வைத்தபடி நின்றாள். மகள் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை, "அப்பா!" என்றான்.

சம்பந்திக்கு அப்போதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. உப்பிய மார்பு அப்படியே இறங்கிற்று. மறுபடி அந்தத் தேன்குரல் வந்தது, அதுவும் நடுங்கிக்கொண்டு: "சம்பந்தி, மன்னிச்சிடுங்க. வண்டியில கத்திக் கத்திக் கெட்டுப்போன வாய். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கிற திமிர்ல அதட்டுறான்னு உங்களுக்குத் தோணிடக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா இந்த வாயைக் கட்டி வெச்சிருந்தேன். தயவுசெஞ்சு மனசுல…"

பல்லுக்காரர் பதறிப்போனார். திட்டினதற்காக இல்லை. இதோ, கதவு திறந்து ஒரு வாய்க் காற்று உள்ளே வந்தது, அதற்குள் இந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டு மறுபடி இழுத்துச் சாத்துகிறாரே! இன்னும் இரண்டு வாக்கியம் விட்டால் தாழ்ப்பாளும் போட்டுவிடுவார். பல்லுக்காரர் ஜென்மத்தில் யாரையும் ஏக வசனத்தில் கூப்பிட்டவரில்லை, காய்கறி விற்கிறவரையே 'நீங்க' என்பவர். மனைவி கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யோவ்!" என்றார். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, நன்றாகவே, "யோவ்! நீ மட்டும் என்ன? முதல் முதல்ல தட்டையா நிமிர்த்தினது யாருய்யா? படத்தைப் பார்க்கத் தெரியாதா உனக்கு? கார் ஓட்டச் சொல்லித்தர்றியாம், இப்படிப் பார்த்துத்தான் ஊருக்குள்ள வண்டிய விடுறியா?"

"ஐயையோ," என்றாள் மனைவி.

சம்பந்தி அவரைப் பார்த்தார். வாய் பிளந்திருந்தது. இன்னொரு தரம் பார்த்தார். மெல்ல மெல்ல அந்த மார்பு திரும்ப உப்பியது.

"தப்புன்னு தெரியுதில்ல? அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? 'அருமை'யாம், 'நூல் பிடிச்ச மாதிரி'யாம்!"

"உன் கைக்குத் தங்கக் காப்புன்னு நீ சொல்லலையா?"

"அது நல்ல வேலைய்யா! அதைக் கொண்டுபோய் எவனாவது தட்டையாக்குவானா? புத்தி எங்க போச்சு?"

"உனக்காகத்தான்யா ஆக்கினேன்!"

"எவன் கேட்டான்?"

அவ்வளவு சத்தத்திலும் சம்பந்தியம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "வாம்மா," என்று மருமகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். "இனிமே ரெண்டும் தேறிடும். அடுப்புல தண்ணி வைப்போம், இடது பக்கத்தை இன்னொரு தரம் வேக வைக்கணும்."

பல்லுக்காரர் தாமே போய்ப் பாத்திரம் எடுத்துத் தரலாம் என்று எழப் பார்த்தார். கூடவே படகும் எழுந்தது.

சூப்பர் க்ளூ வேலையைக் காட்டியிருந்தது. வலது இறக்கை உடம்போடு சேர்ந்த சேர்மானத்தில், மிகச் சரியான ஏற்றத்தில், அவருடைய ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தது.

"பாரு, பாரு இந்த மனுஷனை!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சம்பந்தி. "விமானத்தோட விரலையும் ஒட்டிக்கிட்டு நிக்கிறான். உட்காருய்யா. இழுக்காத, தோல் வந்துடும். அம்மாடி, அந்த நகப்பாலீஷ் அழிக்கிற தண்ணியைக் கொண்டா, பஞ்சும் கொண்டா."

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தார். பல்லுக்காரரின் கையைத் தம் தொடைமேல் வைத்துக்கொண்டு, பஞ்சைத் தொட்டுத் தொட்டு விரல் ஓரத்தில் ஒற்றினார். வாய் மட்டும் ஓயவில்லை. க்ளூவை எப்படித் தடவுவது என்றார், பல் செட் கட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்றார், இவன் கட்டின பல்லைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் வாய் ஒட்டிக் கிடக்கிறார்களோ என்றார். பல்லுக்காரர் பதிலுக்குப் பதில் கொடுத்தார். கார் பள்ளியில் படித்துவிட்டு எத்தனை பேர் சுவரில் ஒட்டிக் கிடக்கிறார்களோ என்று அவர் கேட்டபோது இருவருக்குமே சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் படகு குலுங்கியது, "ஆட்டாதய்யா!" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன, இளகுதா இல்லையா?" என்றார் சம்பந்தி, கையை விடாமல்.

விரல் இளகி வெகு நேரமாகியிருந்தது. பல்லுக்காரர் அதை இறக்கையின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"இன்னும் வரலைய்யா," என்றார்.